தோட்டத்து மூத்தவர்களும் கைப்பேசியும்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் மூத்தவர்களுக்குக் கைப்பேசியில் உதவி செய்யும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பலர் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள், செம்பனைக் காட்டில் குலை சுமந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வீட்டில் யாராவது உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இனிமேல் இதெல்லாம் மண்டையில் ஏறுமா?

ஏறும். இளவயதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான். கை பழகிய வேலை எளிதில் மறக்காது. விடியாத இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிவாக, உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை மெல்லிசாகச் சீவியவர்கள் நீங்கள். அதை யாரும் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்து, சில மரங்களைக் காயப்படுத்தி, ஏச்சு வாங்கி, அப்புறம்தான் கை பழகியது. 2019-ல் நாடு முழுக்கப் பழைய ஆண்டெனா ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற்றியபோதும், புதுப் பெட்டியைப் பொருத்தி, புது ரிமோட்டைப் பிடித்து, வழக்கம்போல நாடகம் பார்த்தீர்கள்.

எதில் ஆரம்பிப்பது என்பதுதான் முக்கியம். "வாட்ஸ்அப் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று ஆரம்பித்தால் மலைப்பாக இருக்கும். "ஜொகூரில் இருக்கும் தங்கச்சிக்குக் குரல் செய்தி அனுப்ப வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். அது ஒன்றை மட்டும் ஒரு வாரம் தினமும் செய்யுங்கள். பிறகு படம் அனுப்புவது, அதற்குப் பிறகு வீடியோ அழைப்பு. ஒவ்வொன்றையும் உங்கள் சொந்த வார்த்தையில் நோட்டில் எழுதி வையுங்கள். பேரன் எழுதித் தந்த குறிப்பு பேரனுக்குத்தான் புரியும்.

விரலை வைத்தால் திரை கேட்கவே மாட்டேன் என்கிறது. கைப்பேசி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. எங்கள் ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பலர் இதற்காகவே கைப்பேசியை மேசை டிராயரில் போட்டுவிட்டார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

இன்றைய திரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. திரையின் மேல் மெல்லிய மின்புலம் இருக்கிறது. ஈரப்பசையுள்ள தோல் மின்சாரத்தைக் கடத்தும். அது திரையில் படும்போது புலம் மாறுவதைத்தான் கைப்பேசி "தொட்டார்" என்று எடுத்துக்கொள்கிறது. வயதாக ஆகத் தோல் உலர்கிறது. ஆண்டுக்கணக்கில் கத்தி பிடித்த கையில் காய்ப்பும் சேர்ந்திருக்கும். காய்ந்து தடித்த தோலைத் திரை சரியாகக் கண்டுகொள்வதில்லை. உடனே நாம் இன்னும் பலமாக அழுத்துகிறோம். அழுத்தி வைத்திருந்தால் கைப்பேசி அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு, கேட்காத ஏதோ ஒரு பட்டியலைத் திறக்கிறது. அதைப் பார்த்துப் பயந்துபோய் நிறுத்திவிடுகிறோம்.

செய்ய வேண்டியது எளிது. கைப்பேசியை எடுக்கும் முன் விரலில் துளி தண்ணீரோ கைக்குப் பூசும் கிரீமோ தடவித் துடைத்துக்கொள்ளுங்கள். நகத்துனியை விட்டு, விரலின் சதைப்பகுதியால் தொடுங்கள். காய்ப்பு இல்லாத விரல் எது என்று பாருங்கள். பலருக்கு இடக்கை மோதிர விரல் நன்றாக வேலை செய்கிறது. திரையின் மேல் ஒட்டிய கண்ணாடி தடிமனாக இருந்தால் மெல்லியதாக மாற்றுங்கள். தொடுதிரைப் பேனா மலிவாகவே கிடைக்கிறது. அதைப் பிடித்ததும் பழைய தன்னம்பிக்கை திரும்பியவர்கள் உண்டு. செட்டிங்ஸில் அக்செஸிபிலிட்டி என்ற பகுதியில் "எவ்வளவு நேரம் அழுத்தினால் நீண்ட தொடுகை" என்பதைக் கூட்டி வைத்தால், தேவையில்லாத பட்டியல்கள் திறப்பது குறையும்.

கைரேகையும் இப்படித்தான். உடலுழைப்பில் ரேகை தேயும். வயதும் அதை மங்கச் செய்யும். கைப்பேசியைத் திறக்க ரேகைக்குப் பதில் ஆறு இலக்க எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ மைகார்டு அடையாள அட்டையுடன் கட்டைவிரல் பதியாவிட்டால் தலைகுனிந்து திரும்பி வராதீர்கள். கையைக் கழுவி ஈரம் துடைத்து மறுபடி வையுங்கள், அடுத்த கையையும் முயன்று பாருங்கள். அதற்கும் பதியவில்லை என்றால், "ரேகை தேய்ந்துவிட்டது, வேறு வழியில் சரிபாருங்கள்" என்று நேராகக் கேளுங்கள். உழைத்துத் தேய்ந்த கை அது. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

எழுத்து பொடியாக இருக்கிறது.

செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் எழுத்தளவைக் கூட்டுங்கள். வாட்ஸ்அப்பின் உள்ளேயும் தனியாக ஓர் எழுத்தளவு உண்டு. திரையின் வெளிச்சத்தையும் கூட்டுங்கள். அதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால் கண் பரிசோதனைக்குப் போங்கள். கண்புரையைக் "கைப்பேசி சரியில்லை" என்று நினைத்துக்கொண்டு காலம் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழகிய இடத்தில் பட்டன் இல்லை. ஏன் சும்மா சும்மா மாற்றுகிறார்கள்?

உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் எதையும் தவறாகத் தட்டவில்லை. இரவில் கைப்பேசி தானாகவே செயலியைப் புதுப்பித்துக்கொள்கிறது, காலையில் முகப்பு வேறாக இருக்கிறது. மாற்றங்களில் சில பாதுகாப்புக்காக வருபவை, அவற்றைத் தடுக்கக் கூடாது. வேறு சில, நாம் இன்னும் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், புதிதாகக் கொண்டுவந்ததைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக வருகின்றன. வாட்ஸ்அப்பில் புதிதாகத் தெரியும் வட்ட வடிவச் செயற்கை நுண்ணறிவுப் பொத்தான் அப்படி வந்ததுதான். அதை நீங்கள் தொடாவிட்டால் ஒன்றும் ஆகாது. நிறுவனங்கள் மூத்தவர்களை நினைத்து இவற்றை வடிவமைப்பதில்லை என்பது என் கருத்து. ஒரு பட்டனை இடம் மாற்றும்போது, அதை ஆறு மாதம் பாடுபட்டுப் பழகிய ஒருவரிடமிருந்து எதைப் பறிக்கிறோம் என்று அவர்கள் யோசிக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த மாற்றங்களும் உண்டு. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. பழைய கைப்பேசி திடீரென்று இணையத்தில் நகர மறுத்ததற்குப் பலருக்கு அதுவே காரணம். வாட்ஸ்அப்பும் மிகப் பழைய ஆண்ட்ராய்டு, ஐபோன் பதிப்புகளைக் கைவிட்டுக்கொண்டே வருகிறது. வங்கிச் செயலி ஒரே கைப்பேசியில்தான் வேலை செய்கிறது, புதுக் கைப்பேசியில் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது, குறுஞ்செய்தியில் எண் வருவதில்லை என்றெல்லாம் சொல்கிறீர்கள். மோசடியைத் தடுக்க மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-ல் வங்கிகளுக்கு இட்ட கட்டளைகளின் விளைவு அது. எரிச்சலாக இருந்தாலும் உங்கள் பணத்தைக் காப்பாற்றுவது அந்தக் காத்திருப்புதான்.

சமாளிக்க ஒரு வழி: பட்டன் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்யாமல் அதன் படத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். குரல் செய்திக்கு ஒலிவாங்கிப் படம், வீடியோ அழைப்புக்குக் கேமராப் படம். இடம் மாறினாலும் படம் பெரும்பாலும் மாறுவதில்லை. தினமும் பேசும் மூன்று பேரை வாட்ஸ்அப்பின் உச்சியிலேயே நிற்கும்படி "பின்" செய்து வைக்கலாம்.

தமிழில் எழுத முடியுமா? எனக்கு எழுதவே தெரியாது என்றால்?

முடியும். இதில் நம் நாட்டுக்குப் பெருமையும் உண்டு. கணினிக்கு முரசு அஞ்சலையும், கைப்பேசிக்குச் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். கைப்பேசியில் தமிழ் தெரிவதே அதிசயமாக இருந்த 2005-லேயே செல்லினம் வந்துவிட்டது. இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்தால் போதும்.

தட்டச்சு வேண்டாம் என்றால் பேசுங்கள். கூகுள் விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுத்தாகும். 2017-லிருந்து இந்த வசதி இருக்கிறது. நம் ஊர்த் தமிழில் கலந்து வரும் மலாய்ச் சொற்களில் தடுமாறும். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் போகும் வயதில் பிள்ளை தூக்கவும் மரம் வெட்டவும் போன பெண்கள் நம்மிடையே நிறைய. எழுத்துத் தெரியாதது அவர்கள் குற்றம் இல்லை. குரல் செய்தி 2013-ல் வாட்ஸ்அப்பில் வந்தபோது அவர்களுக்காகவே வந்ததுபோல இருந்தது. அழுத்திப் பிடித்து, பேசி, விட்டால் போய்விடும். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிமார் இன்று குடும்பத்துச் செய்தி அத்தனையையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பழைய தோட்டத்து ஆட்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கைப்பேசி கற்க இதைவிட நல்ல காரணம் இல்லை என்பேன்.

பால் மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள். ஆள் தேவை குறைந்தது. பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. 1960-ல் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களைச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்கி மக்களை அங்கேயே வைக்கத்தான். அவர் அப்போது எங்கள் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். அந்த முயற்சி எட்டாத இடங்களிலிருந்து சனங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சிதறினார்கள். ஒரே லயத்து வரிசை வீடுகளில் சுவருக்குச் சுவர் வாழ்ந்தவர்கள், ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள், ஒருவர் சாவுக்கு ஒருவர் போக முடியாமல் போனது. அந்த லயத்து வாசல் இன்று ஒரு வாட்ஸ்அப் குழுவாகத் திரும்பி வந்திருக்கிறது. இதை நேரம் போக்கும் பழக்கம் என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

தேடும் முறையைச் சொல்கிறேன். முகநூலில் தோட்டத்தின் பெயரைத் தமிழில் மட்டும் தேடாதீர்கள். ஆங்கில எழுத்திலும் மலாய்ப் பெயரிலும் தேடுங்கள். மலாயில் தோட்டம் என்று பொருள்படும் "லாடாங்" என்பதை முன்னால் சேர்த்தும், "எஸ்டேட்" என்று பின்னால் சேர்த்தும் பாருங்கள். எழுத்துக்கூட்டல் பலவிதமாக இருக்கும். கம்பெனி கைமாறியபோது தோட்டத்தின் பெயரும் மாறியிருக்கலாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் தேடுவது இன்னும் நல்ல வழி. பள்ளி வேறு இடத்துக்குப் போனாலும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கியிருப்பது உண்டு. கோயில் பெயரும் உதவும்.

கிடைக்கவில்லை என்றால் நீங்களே ஒரு பழைய படத்தைப் போடுங்கள். பள்ளி ஆண்டு இறுதிப் படமோ, தீமிதித் திருவிழாப் படமோ, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எடுத்ததோ இருக்கும். சட்டகத்திலிருந்து எடுத்து, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் கைப்பேசியில் படம் பிடியுங்கள். அதோடு தோட்டம், டிவிஷன், ஏறக்குறைய எந்த ஆண்டு, வேலை வாங்கிய கங்காணி யார், கணக்கு எழுதிய கிராணி யார் என்று எழுதுங்கள். இந்தச் சின்ன விவரங்களைப் பார்த்துத்தான் ஆட்கள் நின்று படிக்கிறார்கள். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி போன்றவற்றைப் பொதுவில் போட வேண்டாம். தொலைபேசி எண்ணைத் தனிச் செய்தியில் மட்டும் கொடுங்கள்.

எங்கள் வட்டாரத்து எல்பில் தோட்டம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது 1948 ஜூன் 16-ஆம் நாள்தான். அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலத்தை அறிவித்தது. துரைமாரின் பெயர்கள் எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. அந்தத் தோட்டங்களில் மரம் வெட்டியவர்கள், தாலாட்டுப் பாடியவர்கள், வேலிக்குள் அடைபட்டு வாழ்ந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது தேடினால் கிடைப்பது அரிது. நீங்கள் பேசிப் பதிவு செய்யாவிட்டால் அது எங்கும் இருக்காது. கைப்பேசியை மேசையில் வைத்து ஒலிப்பதிவுப் பொத்தானைத் தொட்டுவிட்டு, பேரப்பிள்ளைக்குக் கதை சொல்வதுபோலச் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

நாள் முழுக்கக் காலை வணக்கப் படங்கள். கைப்பேசி நிரம்பி நின்றுவிடுகிறது.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். எந்தக் குழு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று அங்கேயே தெரியும், பெரியவற்றை அழியுங்கள். சத்தம் தொந்தரவாக இருந்தால் குழுவை நிரந்தரமாக மௌனமாக்கலாம், அனுப்பியவருக்குத் தெரியாது.

ஆனால் பிள்ளைகளே, அந்தப் படங்களைக் கேலி செய்யாதீர்கள். தனியாக வாழும் ஒரு பெரியவர் காலை ஆறரைக்கு அனுப்பும் முருகன் படம், இன்றைக்கும் எழுந்துவிட்டேன் என்ற செய்தி. ஒருநாள் வரவில்லை என்றால் உடனே கூப்பிட்டுக் கேளுங்கள்.

குழுவில் வரும் மருத்துவக் குறிப்புகளை நம்பலாமா?

மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்தக் குறிப்பையும் நம்பாதீர்கள். மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம், அதனால் நம் குழுக்களில் "ஒரே வாரத்தில் சர்க்கரை போகும்" என்ற செய்திகளும் அதிகம். கசாயம் குடிப்பது உங்கள் விருப்பம். கிளினிக்கில் தந்த மாத்திரையை அதற்காக விடுவது ஆபத்து. சந்தேகம் என்றால் அடுத்த முறை அரசு கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகும்போது மருந்து கொடுப்பவரிடம் அந்தச் செய்தியைக் காட்டுங்கள்.

செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-ல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. கைப்பேசி உங்களைத் தடுத்தால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அது எச்சரிக்கை. அரசாங்க உதவி, கலவரம், பள்ளி விடுமுறை பற்றிய செய்திகளைத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-ல் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில் சரிபார்க்கலாம். இனம், மதம் பற்றிய வெறுப்புச் செய்தியைச் சும்மா பிறருக்குத் தள்ளிவிடுவதுகூட வழக்கு வரை போகலாம். அதைத் தொடாதீர்கள்.

போலீஸ் என்று சொல்லி ஒருவர் கூப்பிட்டார். என்ன செய்வது?

வைத்துவிடுங்கள். மரியாதையாகப் பேசி முடிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

நம் மூத்தவர்கள் அதிகாரிக்குப் பயந்து வளர்ந்தவர்கள். துரை, கிராணி, போலீஸ் என்றால் எழுந்து நிற்கும் பழக்கம். மோசடிக்காரன் பிடிப்பது அந்தப் பழக்கத்தைத்தான். மக்காவ் மோசடி என்று இங்கே சொல்லும் முறை இப்படி நடக்கும்: கூரியர் கம்பெனி என்று ஒருவர் ஆரம்பிப்பார், உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் என்பார், "போலீஸுக்கு" இணைப்பைக் கொடுப்பார். கைது வாரண்ட் இருக்கிறது, யாரிடமும் சொல்லக் கூடாது, பணத்தைப் "பாதுகாப்பான கணக்குக்கு" மாற்றுங்கள் என்பார்கள். காவல்துறையோ நீதிமன்றமோ பேங்க் நெகாராவோ தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்வதே இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் சொன்னால், உடனே பிள்ளையிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சொல்லுங்கள். இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பணம் கையில் வந்திருக்கும் வயதில் இந்த அழைப்புகளில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

வேறு வேடங்களும் உண்டு. கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும், திறந்தால் ஏதோ செயலியைப் பதியச் சொல்லும். பத்திரிகை என்றால் படமாகத்தான் வரும். செயலி கேட்டால் அழித்துவிடுங்கள். "தெரியாமல் உங்களுக்கு ஆறு எண் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று தெரிந்தவர் பெயரிலேயே வரும். அனுப்பினால் உங்கள் வாட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விடும். இப்போது பேரனின் குரலையே போலியாகச் செய்து "விபத்தில் மாட்டிக்கொண்டேன் பாட்டி" என்று அழ வைக்கவும் முடிகிறது. குடும்பத்துக்குள் ஒரு ரகசியக் கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய வீட்டு நாயின் பெயர் மாதிரி, வெளியாருக்குத் தெரியாததாக இருக்கட்டும். பதில் சொல்லாவிட்டால் துண்டித்துவிட்டு, பேரனின் வழக்கமான எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

பணம் அனுப்பும் முன் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டுப் பாருங்கள். புகார் வந்த எண் என்றால் காட்டும். காட்டாவிட்டால் நல்லவர் என்று பொருள் அல்ல.

பணம் போய்விட்டதா? உடனே 997-க்குக் கூப்பிடுங்கள். 2022-ல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. உங்கள் வங்கியின் மோசடி எண்ணுக்கும் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பல வங்கிச் செயலிகளில் நீங்களே முடக்கும் வசதியும் இருக்கிறது. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் பிடிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பிள்ளைகள் திட்டுவார்கள் என்று பயந்து பெரியவர்கள் நாள்கணக்கில் மறைக்கிறார்கள். அந்த நாள்களில்தான் பணம் மொத்தமாகத் தொலைகிறது. திட்ட மாட்டோம் என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

என் வாட்ஸ்அப்பை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் எண்ணையே போட்டு மறுபடி பதியுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு எண்ணைப் போட்டதும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் உங்கள் கணக்குக்கு ஒரு ரகசிய எண்ணைப் போட்டு வைத்திருந்தால் நீங்கள் ஏழு நாள் காத்திருக்க நேரும். அதுவரை தெரிந்தவர்கள் அனைவரையும் எச்சரியுங்கள். இன்னும் திருடப்படாதவர்கள் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதியில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பை இன்றே போட்டு, அதற்கான ரகசிய எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.

அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பொறுமை போகிறது.

கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். "கொடும்மா, நான் செய்து தருகிறேன்" என்று வாங்கி நான்கு தட்டில் முடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது, அம்மா எதையும் கற்கவில்லை. உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வாயால் மட்டும் சொல்லுங்கள். தவறாகத் தட்டினால் தட்டட்டும். திரும்பி வரும் அம்புக்குறியைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். தப்பினால் திரும்பி வரலாம் என்று தெரிந்தவர் பயப்பட மாட்டார்.

"அதான் போன வாரமே சொன்னேனே" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அதைக் கேட்டவர்கள் அடுத்த முறை உங்களிடம் கேட்பதில்லை, வெளியாளிடம் கேட்கிறார்கள். அந்த வெளியாள் யார் என்று நமக்குத் தெரியாது. கைப்பேசியைத் தாண்டி வீட்டு வழி, சமையல் முறை, பெயர்கள் எல்லாம் மறந்துகொண்டே போனால் அது வேறு விஷயம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

எல்லாம் ஆப்பில் வந்துவிட்டது. கைப்பேசி வேண்டாம் என்றால் உதவித்தொகை கிடைக்காதா?

கிடைக்கும். எஸ்டிஆர் எனும் அரசாங்க ரொக்க உதவிக்கான விண்ணப்பத்தை வருமான வரி அலுவலக முகப்பில் கொடுக்கலாம். அத்தியாவசியப் பொருள் வாங்கத் தரும் சாரா உதவிக்கு மைகார்டைக் கடையில் காட்டினால் போதும். இபிஎஃப் கிளைகளிலும் முகப்பு இருக்கிறது. இணையத்தில்தான் செய்ய வேண்டும் என்றால் அரசாங்கத்தின் நாடி சமூக இணைய மையத்துக்குப் போங்கள்; இணைய வசதியும், சொல்லிக்கொடுக்க ஆட்களும் இருப்பார்கள். கடவுச்சொல்லை மட்டும் நீங்களே போடுங்கள். முகப்புகளை மூடிவிட்டு எல்லாரையும் செயலிக்குத் தள்ளுவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கற்க விரும்புகிறவருக்குக் கற்றுக்கொடுப்போம், விரும்பாதவருக்கு மனிதர் உட்கார்ந்திருக்கும் ஒரு மேசை வேண்டும்.

வீட்டுக்காரர் இறந்துவிட்டார். முகநூலில் இன்னும் பிறந்தநாள் வாழ்த்து வருகிறது. அவர் குரலை எப்படிப் பத்திரப்படுத்துவது?

குரலை முதலில் பார்ப்போம், அதற்குத்தான் அவசரம். அவர் உங்களுக்கு அனுப்பிய குரல் செய்திகள் உங்கள் கைப்பேசியில்தான் இருக்கின்றன. உங்கள் கைப்பேசி தொலைந்தால் அவையும் போகும். ஒவ்வொன்றையும் பிள்ளைகளின் வாட்ஸ்அப்புக்குத் தள்ளிவிடுங்கள், கணினியிலும் ஒரு பிரதி வையுங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். பணம் போடாத பிரீபெய்ட் எண் நாளடைவில் வேறு ஒருவருக்குப் போய்விடும். அவர் எண்ணிலிருந்து யாரோ ஒருவரின் படம் தெரிந்தால் திடுக்கிடாதீர்கள். குடும்பக் குழுவிலிருந்து அந்த எண்ணை முன்னதாகவே எடுத்துவிடுவது நல்லது.

முகநூலில் இறப்புச் சான்றிதழின் படத்தை அனுப்பிக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றக் கேட்கலாம். படங்களும் எழுத்துகளும் அப்படியே இருக்கும், பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும். உயிரோடு இருக்கும்போதே நம் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கும் வசதியும் 2015-லிருந்து உண்டு. அபசகுனம் என்று தள்ளாமல் பிள்ளையோடு உட்கார்ந்து செய்துவிடுங்கள்.

பேரப்பிள்ளை படத்தைப் போட்டேன், மருமகள் கோபப்படுகிறாள்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் முகம், பள்ளிச் சீருடை, பெயர், பிறந்தநாள் எல்லாம் அறியாதவர் கைக்குப் போகும். குடும்பக் குழுவில் மட்டும் போடுங்கள். முகநூலில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டிக்டாக் திறந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியவில்லை.

நீங்கள் நின்று பார்ப்பதை வைத்து அடுத்ததைத் தருகிறது. அதனால்தான் முடிவே இல்லை. பிடிக்காததை அழுத்திப் பிடித்து "விருப்பமில்லை" என்று சொல்லுங்கள். படுக்கைக்கு எடுத்துப் போகாதீர்கள். பழைய பாட்டுக் கேட்கத்தான் திறந்தீர்கள் என்றால் மின்னல் பண்பலை வானொலி இருக்கிறது, கண்ணுக்கும் ஓய்வு.

புதுக் கைப்பேசி வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

விலை உயர்ந்தது தேவையில்லை. திரை பெரிதாக இருக்கட்டும், சேமிப்பு 128 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும், ஒலிபெருக்கி சத்தமாகக் கேட்கட்டும். கடையிலேயே உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள், ஒரு குரல் செய்தி அனுப்பிப் பாருங்கள். இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று கேளுங்கள். விலை குறைவென்று பழைய மாடலை வாங்கினால் சீக்கிரமே மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். வீட்டில் உதவுகிறவர் ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் நீங்களும் அதையே வாங்குங்கள், சொல்லிக்கொடுக்க எளிது. பழைய கைப்பேசியைக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாட்ஸ்அப், படங்கள், வங்கிச் செயலி மூன்றும் புதியதில் ஒழுங்காக வந்துவிட்டனவா என்று ஒரு வாரம் பார்த்த பிறகு, உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.